நிறவெறியை ரத்து செய்ய முடியுமா?

மொழிபெயர்ப்புதான் என் பிழைப்பு. சில வருடங்களுக்கு முன் தென்னாப்பிரிக்க வரலாறு பற்றிய ஓர் ஆவணத்தைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது, அபார்ட்ஹைட் (அங்கே வெள்ளையர் ஆட்சி சட்டம் போட்டு இனங்களைப் பிரித்துவைத்த முறை) என்று வந்த இடத்திலெல்லாம் யோசிக்காமல் 'நிறவெறி' என்று போட்டுக்கொண்டே போனேன், பத்திரிகைகளில் அப்படித்தானே படித்து வளர்ந்திருக்கிறோம். திருப்பிப் படிக்கும்போது ஒரு வாக்கியம் பல்லிளித்தது: "1991இல் நிறவெறி ரத்து செய்யப்பட்டது." வெறியை எந்த நாடாளுமன்றம் ரத்து செய்யும்?

ஆங்கிலம் அபார்ட்ஹைட் என்ற சொல்லை ஆப்பிரிக்கான்ஸ் மொழியிலிருந்து எடுத்துக்கொண்டது. டச்சுக் குடியேறிகளின் பேச்சு தென்னாப்பிரிக்க மண்ணில் மாறி உருவான மொழி அது. 'அபார்ட்' என்றால் தனியாக, 'ஹைட்' என்பது நம் '-மை' விகுதி மாதிரி. இரண்டையும் அப்படியே தமிழில் ஒட்டிப் பாருங்கள், தனிமை என்று வரும்! எவ்வளவு சாதுவான சொல். (அபார்தைட் என்று எழுதுகிறவர்களுக்கு: அங்கே ட்-டும் ஹ-வும் தனித்தனி, சேர்த்துத் 'தை' ஆக்க வேண்டாம்.)

சாதுவாக இருந்ததுதான் அதன் வசதி. 1948 தேர்தலில் மலானின் தேசியக் கட்சி இந்தச் சொல்லை முன்வைத்து ஆட்சியைப் பிடித்தது, பிறகு பிரதமரான ஃபெர்வூர்டு, இதை நல்ல அண்டைவீட்டு உறவு என்றே சொல்லலாம் என்று விளக்கம் வேறு கொடுத்தார். சரி, அந்த நல்லுறவு காகிதத்தில் எப்படி இருந்தது? 1949இல் வெள்ளையரும் மற்றவரும் திருமணம் செய்யத் தடை. 1950இல் ஒவ்வொருவரையும் இனவாரியாகப் பதியும் சட்டம், அதே ஆண்டு எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்ற சட்டம். 1953இல் பெஞ்சு, கடற்கரை, கழிப்பறை வரைக்கும் பிரித்தார்கள்.

இனத்தை எப்படி முடிவு செய்தார்கள் தெரியுமா? சந்தேகம் வந்தால் தலைமுடியில் ஒரு பென்சிலைச் செருகுவார்கள். வழுக்கி விழுந்தால் வெள்ளையர், சிக்கிக்கொண்டால் இல்லை. சட்டத்தில் அப்படி எங்கும் எழுதவில்லை, அதிகாரிகள் கையாண்ட வழி அது. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு இனம், தங்கை வேறு இனம் என்று பதிவாகி, அந்தப் பதிவை வைத்துத்தான் எந்தப் பள்ளி, எந்த ஆஸ்பத்திரி, யாரோடு கல்யாணம் என்று எல்லாமே.

நம்மவர்களும் இதில் மாட்டினார்கள். 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள், டர்பனில் கேட்டோ மேனர் பகுதியில் காய்கறி பயிரிட்டு, கோயில் கட்டி வாழ்ந்துகொண்டிருந்தார்கள். குடியிருப்புச் சட்டம் அவர்களை அங்கிருந்து கிளப்பியது, பலர் 1960களில் இந்தியர்களுக்கென்றே அமைத்த சாட்ஸ்வர்த்துக்குப் போனார்கள். இதைச் செய்ய அரசு ஊழியர் யாரும் வெறிபிடித்து நிற்க வேண்டியதில்லை, நோட்டீஸை டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டால் போதும். 'வெறி' என்று எழுதும்போது இந்த ஆபீஸ் வேலை முழுக்க மறைந்துவிடுகிறது, அதுதான் என் ஆதங்கம்.

சர்வதேசச் சட்டத்திலும் இது வெறும் வசவுச் சொல் இல்லை. 1973இல் ஐநா தனி உடன்படிக்கையே கொண்டுவந்தது, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த 1998 ரோம் சாசனம் இதை மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களில் ஒன்றாக வரையறுத்தது. ஓர் இனக் குழு இன்னொன்றைத் திட்டமிட்டு ஒடுக்கி ஆளும் அமைப்பு இருக்கிறதா, அதைத் தக்கவைக்கும் நோக்கம் இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். அந்த வரையறையைத் தமிழாக்கும்போது 'நிறவெறிக் குற்றம்' என்று போட்டால், தெருவில் ஒருவன் இன்னொருவனை நிறம் சொல்லித் திட்டியதும் அதற்குள் வந்துவிடும்.

இப்போதெல்லாம் முதல் தடவை 'அபார்ட்ஹைட் என்னும் இன ஒதுக்கல் ஆட்சிமுறை' என்று எழுதுகிறேன், அப்புறம் 'இன ஒதுக்கல்'. கொஞ்சம் நீளம்தான், எடிட்டர்கள் முணுமுணுப்பார்கள். அன்றைக்கு அந்த ஆவணம் முழுக்கத் திருத்தினேன். இரண்டே இடத்தில் மட்டும் நிறவெறியை அப்படியே விட்டேன், அங்கே மூலத்தில் இருந்தது ரேசிசம்.