கிளிகளுக்கு வெளியில் ஏவியரி: கம்பி முதல் கூரை வரை

ஜன்னலோரமாகக் கூண்டை வைத்துவிட்டு, கிளிக்கு நல்ல வெயில் கிடைக்கிறது என்று பலரும் நிம்மதியாக இருக்கிறார்கள். வெளிச்சம் கிடைக்கிறது, சூடும் கிடைக்கிறது. ஆனால் கிளிக்கு மிகவும் தேவையான ஒன்று கண்ணாடியோடு நின்றுவிடுகிறது. வெயிலில் இருக்கும் புற ஊதா-பி கதிர்களைச் சாதாரண ஜன்னல் கண்ணாடி ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் உடல் வைட்டமின் டி3-ஐத் தயாரிக்கும். டி3 போதாவிட்டால், தின்ற தீனியில் இருக்கும் கால்சியம் குடலைத் தாண்டி ரத்தத்துக்குச் சரியாகப் போய்ச் சேராது. உடம்பு முழுக்க இறகு மூடிய பறவைக்கு இது எப்படி நடக்கிறது? கோழிகளை ஆராய்ந்தபோது, டி3-க்கு மூலமான பொருள் இறகில்லாத கால் தோலில்தான் அதிகம் இருப்பது தெரிந்தது. வெறும் விதைத் தீனியில் வீட்டுக்குள்ளேயே வளரும் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிகள் ரத்தத்தில் கால்சியம் குறைந்து வலிப்பு வந்து விழுவது, பறவை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் ஒன்று.

ஏவியரி என்பது பறவைகள் உள்ளேயே பறக்கும் அளவுக்குப் பெரிய வலைக்கூடம். அதை வெளியில் கட்டுவதற்கு முதல் காரணம் இந்த வெயில்தான். அழகு, இடவசதி எல்லாம் அப்புறம். ஆனால் வெயில் வரும் வழியாகவே சூடும் எலியும் பாம்பும் புழுவும் வருகின்றன. கிளியின் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்ற கேள்விக்கு ஒவ்வொன்றாகப் பதில் கிடைத்துவிடும்.

கட்டுவதற்கு முன் எந்தக் கிளிக்கு என்று முடிவாக வேண்டும். நம் ஊர்ப் பச்சைக்கிளியையோ பெரிய பச்சைக்கிளியையோ வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எவ்வளவு பெரிய ஏவியரி கட்டினாலும் அது குற்றம்தான். வெளிநாட்டு இனங்களில் சன் கான்யூர், சாம்பல் கிளி, மக்காவ் போன்றவை சைட்ஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் இருப்பவை. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 2024இல் விதிகளும் வந்தபின், இவற்றை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். காக்டெய்லும், லவ் பேர்ட்ஸ் என்று நாம் சொல்லும் பட்ஜரிகரும் அந்தப் பட்டியலில் இல்லை. முதல்முறை கட்டுபவர்களுக்குக் காக்டெய்லைத்தான் சொல்வேன். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவை, சாதுவானது, சத்தமும் குறைவு. சன் கான்யூர் கத்தினால் தெருக்கோடி வரை கேட்கும். பக்கத்து வீட்டாரிடம் முதலில் பேசிவிடுவது நல்லது.

சரி, எவ்வளவு பெரிதாகக் கட்டுவது? கடைகளில் விற்கும் கூண்டுகள் பெரும்பாலும் உயரமானவை, சில வட்டமானவையும்கூட. கிளி நெட்டுக்குத்தாக மேலே எழும்பிப் பறக்கும் பறவை இல்லை, குறுக்காகப் பறப்பது. 1968இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு அழகான விளக்கம் தருகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வான்ஸ் டக்கர், பட்ஜரிகர்களைக் காற்றுச் சுரங்கத்தில், அதாவது எதிர்க்காற்றை ஊதிவிடும் குழாய் போன்ற அறையில், பறக்கப் பழக்கி, அவை இழுக்கும் ஆக்சிஜனை அளந்தார். வேகம் கூடக்கூடச் சக்திச் செலவும் கூடும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் மணிக்கு சுமார் 35 கிலோமீட்டர் வேகத்தில் செலவு மிகக் குறைவாக இருந்தது. அதைவிட மெதுவாகப் பறந்தபோது கூடுதலாக ஆனது. மெதுவாகப் போகையில் இறக்கைக்கு அடியில் ஓடும் காற்று போதாது, உடல் எடையைத் தாங்க இன்னும் வேகமாக அடிக்க வேண்டியிருக்கிறது. நீளம் குறைந்த கூண்டில் கிளிக்குக் கிடைப்பது இந்தக் கடினமான பகுதி மட்டுமே. எழும்பும், இரண்டு முறை இறக்கை அடிக்கும், உடனே உட்கார வேண்டும். கொஞ்ச நாளில் அது பறப்பதையே விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்து ஏறிப் போகப் பழகிவிடும். பிறகு மார்புத் தசை வற்றும், கொழுப்பு ஏறும்.

ஆகவே காசு குறைவென்றால் உயரத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டுங்கள். ஒரு ஜோடி காக்டெய்லுக்கு 10 அடி நீளம், 4 அடி அகலம், நாம் நிமிர்ந்து நடக்க 7 அடி உயரம் என்பது நல்ல தொடக்கம். உட்காரும் கிளைகளை இரண்டு முனைகளிலும் வைத்துவிட்டு நடுவைக் காலியாக விட வேண்டும். நடுவில் ஊஞ்சலும் பொம்மையும் தொங்கவிட்டால் 10 அடி ஏவியரி இரண்டு 5 அடிக் கூண்டுகளாகிவிடும்.

அடுத்தது கம்பி வலை. ஏவியரி கட்டுபவர்கள் இதற்குக் கொடுக்கும் கவனம் போதாது என்பது என் கருத்து. நாட்டுக்கோழிக்குப் போடும் அறுகோண வலை கிளிக்கு உதவாது. அது முறுக்கிப் பின்னிய மெல்லிய கம்பி; கான்யூர் ஓரிடத்தில் பிரித்துவிட்டால் வரிசையாக அவிழும். வேண்டியது வெல்டு மெஷ், அதாவது கம்பிகள் சேரும் இடங்களில் பற்றவைத்த வலை. கம்பியின் தடிமனைக் கேஜ் கணக்கில் சொல்வார்கள், எண் குறைந்தால் கம்பி தடிமன். காக்டெய்லுக்கு 16 கேஜ், அதாவது சுமார் 1.6 மில்லிமீட்டர் போதும். கான்யூருக்கு 14 கேஜ், மக்காவுக்கு 10 கேஜ் என்று போக வேண்டும். வலைக் கண்ணின் அளவு சின்னக் கிளிகளுக்கு அரை அங்குலம். ஓர் அங்குலக் கண்ணில் பட்ஜரிகர் தலையை நுழைத்து மாட்டிக்கொள்ளும்.

கடையில் கிடைக்கும் வலையில் பெரும்பாலானவை ஜி.ஐ., துத்தநாகம் பூசிய இரும்பு. சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுப்பார்கள். துருவைத் தடுக்க இது அருமையான முறை, ஆனால் கிளிக்கு ஆபத்து. புது வலையை வெயிலில் விரித்து, கம்பிகள் சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஆங்காங்கே மெழுகுச் சொட்டு போல உலோகம் திரண்டு நிற்கும். சில இடங்களில் ஊசி முனையாக நீட்டிக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் கிடங்கில் கிடந்த வலையாக இருந்தால் விரலில் வெள்ளைப் பொடி ஒட்டும். அதுவும் துத்தநாகச் சேர்மம்தான். கிளிக்கு அலகு மூன்றாவது கால். ஏறும்போது ஒவ்வோர் எட்டுக்கும் வாயால் கம்பியைக் கவ்வுகிறது, நாக்கால் தடவுகிறது. துருத்தும் சொட்டைக் கண்டால் கொரித்துப் பிய்த்துவிடும். விழுங்கிய துணுக்கு இரைப்பையின் அரைவைப் பகுதியில் தங்கிவிடுகிறது. விதையை அரைக்கவென்றே அமைந்த அந்தத் தசைப் பை உலோகத்தையும் அரைக்கும், அமிலம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். கரைந்த துத்தநாகம் முதலில் பாதிக்கும் உறுப்புகளில் ஒன்று கணையம். கிளி வழக்கத்தைவிடத் தண்ணீர் குடிக்கும், எச்சம் பச்சையாகத் தண்ணீராகப் போகும், தீனியை எதுக்களிக்கும், எடை இறங்கும். பறவைகள் நோயை மறைப்பதில் கெட்டிக்காரப் பிராணிகள். நம் கண்ணுக்குத் தெரியும்போது விஷயம் முற்றியிருக்கும். உடனே கொண்டுபோனால் எக்ஸ்ரேயில் உலோகத் துணுக்கு தெரியும், உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் ஊசி மருந்தும் உண்டு.

இதற்கு மிகச் சரியான தீர்வு 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை. விலை அதிகம்தான். ஆனாலும் மக்காவ், சாம்பல் கிளி, காக்கட்டூ போன்று கடித்துக்கொண்டே இருக்கும் இனங்களுக்கு வேறு எதையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காக்டெய்ல், பட்ஜரிகருக்கு ஜி.ஐ. வலை போடுவதென்றால், வெல்டு செய்தபின் முக்கியெடுத்ததை வாங்குங்கள். சொட்டுகளை அரத்தால் ராவி எடுத்து, வினிகரும் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்து, நன்றாகக் கழுவி, ஒரு மாதமாவது வெளியில் காய விடுங்கள். வினிகர் மேலே தளர்ந்திருக்கும் பொடியைக் கரைக்குமே தவிர, அடியிலிருக்கும் பூச்சை எடுத்துவிடாது. ஆபத்து குறையும், அற்றுப்போகாது. வலையைச் சட்டத்தின் உட்பக்கமாக அடிப்பதும் முக்கியம். வெளிப்பக்கம் அடித்தால் சட்டம் கிளியின் வாய்க்கு எட்டும். மரச்சட்டமாக இருந்தால் தின்றே தீர்த்துவிடும், பழைய பெயின்ட்டாக இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம்.

கூரைக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஏப்ரல் மாதம் கன்னியாகுமரியில் தொடங்கிச் சென்னை வரை நண்பகல் சூரியன் ஊர் ஊராக நேர் உச்சிக்கு வந்து போகிறது. கொடிய வெயில் காலத்தில் பக்கச் சுவர் நிழல் தராது. கூரைதான் முழுச் சூட்டையும் வாங்கும். தகர ஷீட் நண்பகலில் 60 டிகிரியைத் தாண்டிக் கொதித்து, அந்தச் சூட்டைக் கீழே உட்கார்ந்திருக்கும் கிளியின் முதுகில் வீசும். பறவையின் உடல் வெப்பநிலை சுமார் 41 டிகிரி. வெளிக்காற்று அதை நெருங்கும்போது, உடம்புச் சூட்டைக் காற்றுக்கு விடும் வழி அடைபட்டுவிடுகிறது. பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இரைத்து, மூச்சுப்பாதையின் ஈரத்தை ஆவியாக்கித்தான் குளிர முடியும். கிளி இறக்கைகளை உடம்பிலிருந்து விலக்கி, வாய் பிளந்து நின்றால் அது எல்லைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

பழைய முறையே இங்கே நல்ல முறை. தகரத்துக்கு மேல் ஓர் அடி இடைவெளி விட்டுத் தென்னங்கீற்று வேய்ந்தால் வெயில் கீற்றோடு நின்றுவிடும், நடுவில் காற்றும் ஓடும். கீற்று ஏவியரிக்கு உள்ளே வரக் கூடாது. நனைந்த ஓலையில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை வளரும். அதன் வித்துகள் கிளியின் காற்றுப்பைகளில் குடியேறினால் குணப்படுத்துவது மிகக் கடினம். ஆண்டுக்கு ஒருமுறை கீற்றை மாற்றிவிடுங்கள். மதுரை, திருச்சி போன்ற வறண்ட ஊர்களில் மேற்குப் பக்கம் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தால் உள்ளே தெளிவாகக் குளிரும். சென்னை, நாகப்பட்டினம் பக்கம் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் தண்ணீர் அவ்வளவு ஆவியாகாது; அங்கே தட்டியைவிட ஒரு மின்விசிறி உதவும்.

கூரை முழுவதையும் மூடிவிட்டால் வெயிலுக்காக வெளியே வந்த நோக்கம் கெட்டுப்போகும். முக்கால் பங்கை மூடி, கிழக்கு முனையில் கால் பங்கை வலையாக விடுங்கள். அந்தத் திறப்புக்கு நேர் கீழே தீனித் தட்டும் உட்காரும் கிளையும் வேண்டாம். காக்கை, புறா எச்சம் வழியாக ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக்கழிச்சல் முதல் கிளிக்காய்ச்சல் வரை உள்ளே வரலாம். வெளிச்சம் வரட்டும் என்று அங்கே பாலிகார்பனேட் ஷீட் போட்டால் மறுபடி ஜன்னல் கண்ணாடி கதைதான். அதுவும் புற ஊதாவைத் தடுக்கும். நீளவாக்கு கிழக்கு மேற்காக அமைந்தால் பிற்பகல் வெயில் பெரும்பாலும் குறுகிய பக்கத்தில் விழும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை வடகிழக்கிலிருந்து சாய்த்து அடிக்கும் என்பதால், வடக்கிலும் கிழக்கிலும் சுருட்டி இறக்கும் தார்ப்பாய் கட்டாயம்.

தரையை மண்ணாக விடலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். பார்க்க இயற்கையாக இருக்கும், ஆனால் நம் ஊர் ஈரத்துக்கு வேண்டாம். அஸ்காரிடியா என்ற உருண்டைப் புழுவின் முட்டை எச்சத்தோடு விழுந்து, வெதுவெதுப்பான ஈர மண்ணில் இரண்டு மூன்று வாரத்தில் தொற்றும் நிலைக்கு வளரும். மாதக்கணக்கில் உயிரோடும் இருக்கும். கீழே இறங்கிக் கொத்தும் கிளி அதை விழுங்கும், வயிற்றில் புழுவாகும், மறுபடி முட்டை மண்ணுக்கு வரும். இடையில் வேறு உயிர் எதுவும் தேவையில்லாத சுற்று என்பதால், மூடிய இடத்தில் வேகமாகப் பெருகும். கான்யூருக்கு என்றால் 3 அடி உயரத்தில் தூக்கிவிட்ட வலைத்தரை சிறந்தது, எச்சம் கிளிக்கு எட்டாமல் கீழே விழுந்துவிடும். காக்டெய்ல் இயல்பிலேயே தரையில் இரை பொறுக்கும் பறவை, அதற்கு அது மகிழ்ச்சி தராது. அதற்கு வாட்டம் விட்ட சிமென்ட் தரை போட்டுத் தினமும் கழுவுங்கள்.

அந்தச் சிமென்ட் தரை எலியையும் தடுக்கும். எலி கீழிருந்து தோண்டி வரும். மேலே போனால் அரை அங்குலக் கண்ணிலும் குட்டி எலி நுழைந்துவிடும். இரவில் தீனியை எடுத்துவிட்டால் எலி வருவது குறையும். எலி வந்தால் பின்னாலேயே பாம்பு. வலைக்குள் நுழைந்து கிளியை விழுங்கிய பாம்பு, வயிறு உப்பி வெளியே போக முடியாமல் காலையில் உள்ளேயே சுருண்டு கிடப்பது உண்டு. வலையின் வெளி ஓரத்தில், மண்ணுக்கு அரை அடி கீழே, ஓர் அடி அகலத்துக்கு வலையைப் படுக்கை வாட்டில் விரித்துப் புதைத்தால் கீரியும் நாயும் தோண்டுவதை விட்டுவிடும். அவை சுவரை ஒட்டித்தான் தோண்டும், விலகித் தோண்ட அவற்றுக்குத் தோன்றுவதில்லை. மேலிருந்து வல்லூறு வரும். வலையில் தொற்றிக்கொண்டிருக்கும் கிளியின் காலை வெளியிலிருந்தே பற்றி இழுக்கும். 3 அங்குல இடைவெளியில் இரட்டை வலை போட்டால் அதற்குக் கால் எட்டாது.

இருட்டில் இன்னோர் ஆபத்து உண்டு. பூனை கூரைமேல் குதித்தாலே காக்டெய்ல் கூட்டம் முழுவதும் திடுக்கிட்டு எழும்பி, கண் தெரியாமல் கம்பியில் மோதும். வளரும் இறகில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். அது ஒடிந்தால் நிறைய ரத்தம் போகும். ஒரு சின்ன இரவு விளக்கு எரிந்தால், பயந்து எழும்பிய பறவைக்குத் திரும்பி உட்காரும் கிளை தெரியும். மேற்கு முனையில் மூன்று பக்கமும் அடைத்த படுக்கை இடம் ஒன்று அமைத்து, மொத்த ஏவியரியிலும் மிக உயரமான கிளையை அதற்குள் வையுங்கள். கிளிகள் தூங்க எப்போதும் இருப்பதிலேயே உயரமான இடத்தைத் தேடும். வெளியே உயரமான கிளை இருந்தால் மழையிலும் அங்கேதான் உட்காரும்.

கிளைகளுக்குக் கொய்யா, வேம்பு, முருங்கை நல்லவை. ஒரே கனத்தில் கடைந்த உருளைக் கட்டையில் பாதத்தின் ஒரே இடம் நாள் முழுக்க அழுந்திப் புண்ணாகும். தடிமனும் மெலிசுமாகக் கலந்து வையுங்கள். அரளியும் எருக்கும் ஏவியரிக்குப் பக்கத்திலேயே வேண்டாம், இரண்டும் நஞ்சு. கதவு இரண்டு வேண்டும்: ஒன்றைச் சாத்திய பிறகே மற்றதைத் திறக்கும்படி நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம். உள்கதவு 4 அடி உயரம் இருந்தால் போதும். பயந்த கிளி மேல்நோக்கித்தான் பறக்கும், குனிந்து நுழையும் நம்மைத் தாண்டி வெளியே போகாது.

எல்லாம் முடிந்ததும் கிளியைக் காலையில் உள்ளே விடுங்கள். மாலையில் விட்டால், எது எங்கே இருக்கிறது என்று தெரிவதற்குள் இருட்டிவிடும். தீனியை முதல் சில நாள்களுக்குப் படுக்கை இடத்திலேயே வைத்தால் இரவுக்கு முன் அதுவே அங்கே போகப் பழகும். முதல்முறை நீளமாகப் பறக்கும் கிளிக்கு எதிர்முனை வலை கண்ணில் படாது, வேகமாக மோதிக் கழுத்தை ஒடித்துக்கொள்ளவும் கூடும். அந்த முனையில் வேப்பிலைக் கொத்துகளையோ துணிக் கீற்றுகளையோ நெருக்கமாகக் கட்டி வையுங்கள். கிளி அங்கே வேகத்தைக் குறைத்துத் திரும்பப் பழகிய பிறகு ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம்.