ஜேபி, சைனஸ், சைன்: ஒரு நாணின் பயணம்

வட்டத்தின் மேல் இரண்டு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால் நாண். அதன் மேல் வளைந்து நிற்கும் பகுதி வில். நாணின் நடுவிலிருந்து வில்லின் நடுவுக்கு ஒரு கோடு இழுத்தால் அம்பும் வந்துவிடும். வடமொழி வானியலார் இதே படத்தைப் பார்த்துத்தான் நாணுக்கு ஜ்யா என்றும் அம்புக்குச் சரம் என்றும் பெயர் வைத்தார்கள்.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்க வானியலார் தாலமி, ஆரம் 60 எனக் கொண்டு, அரைப் பாகைக்கு ஒன்றாக முழு நாண்களின் நீளத்தை அட்டவணையிட்டார். அதில் ஒரு சிரமம் உண்டு. கணக்கில் வருவது பெரும்பாலும் செங்கோண முக்கோணம். அதற்கு முழு நாண் நேரடியாக உதவாது. கோணத்தை இரட்டித்து, நாணைப் பார்த்து, பிறகு பாதியாக்க வேண்டும். பாதி நாணையே எழுதிவைத்தால் இந்த வேலை மிச்சம். மையத்திலிருந்து வரும் ஆரம் கர்ணம், பாதி நாண் எதிர்ப்பக்கம், முக்கோணம் தயார். எனக்கு இந்த வரலாற்றிலேயே மிக அழகான அடி இதுதான்.

499-இல் ஆரியபட்டர் தந்த அட்டவணை இந்தப் பாதி நாண்களுக்கானது. அர்த்த ஜ்யா என்ற பெயர் நாளடைவில் வெறும் ஜ்யா, ஜீவா என்று சுருங்கியது. 3 பாகை 45 கலைக்கு (கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) ஒன்றாக மொத்தம் 24 மதிப்புகள். அவர் எழுதிவைத்தது அடுத்தடுத்த மதிப்புகளின் வித்தியாசங்களை; அவற்றைக் கூட்டிக்கொண்டே போனால் மதிப்புகள் வரும். ஆரம் 3438. இது ஏன் இப்படி ஒரு எண்? வட்டத்தின் சுற்றளவை 360 × 60 = 21,600 கலைகளாகப் பிரித்து, ஆரத்தையும் அதே அலகில் அளந்தால் சுமார் 3438 வரும். 30 பாகைக்கு உரிய எட்டாவது மதிப்பு 1719, அதாவது ஆரத்தில் சரிபாதி. பழைய அட்டவணையை வாசிப்பவர் சறுக்குவது இங்கேதான்: அதில் இருப்பது நீளம், விகிதமல்ல. 3438-ஆல் வகுத்தால்தான் இன்றைய சைன், அதாவது எதிர்ப்பக்கத்துக்கும் கர்ணத்துக்கும் உள்ள விகிதம், கிடைக்கும். முதல் மதிப்பு 225, வகுத்தால் 0.06545. இன்றைய கணிப்பு 0.06540.

ஜீவா அரபிக்குப் போனபோது ஜீபா ஆனது. அரபியில் பொருளற்ற, ஒலிக்காக மட்டும் எழுதிய சொல். குறில் உயிர்களை எழுதாமல் விடும் அந்த எழுத்துமுறையில் அதை ஜைப் என்றும் படிக்கலாம். அது ஆடையின் மார்புத் திறப்பை, மடிப்பைக் குறிக்கும் பழகிய சொல். வாசகர்கள் பழகியதையே படித்தார்கள். 12-ஆம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்த்தவர்கள் மடிப்பு என்ற பொருளுக்கு நேராக சைனஸ் என்று போட்டார்கள். அதிலிருந்து சைன்.

அந்த ஜைப் பாரசீகம், உருது வழியாக வந்ததுதான் நாம் சொல்லும் சட்டை ஜேபி. முகத்தெலும்புக் குழிகளுக்கு மருத்துவர் சொல்லும் சைனஸும் அதே லத்தீன் சொல். ஆரம்பப் பொருள் நம்மிடம் நாணாக இருக்க, தவறி விழுந்த பொருளும் பெயர்ப்பும் வேறு வேறு வேலைகளில் தமிழிலேயே புழங்குகின்றன.

அம்பு இன்னும் பயன் குன்றவில்லை. உடைந்த சக்கரத்துண்டு கிடைத்தால் முழு ஆரத்தை இப்படி அறியலாம்: விளிம்பில் நாண் 40 செ.மீ., அம்பு 8 செ.மீ. என்றால், பாதி நாணின் வர்க்கம் 400. அதை 8-ஆல் வகுத்தால் எதிர்ப்புற அம்பு, அதாவது நாணின் மறுபக்கத்தில் விட்டத்தின் மீதி, 50. இரண்டையும் கூட்டினால் விட்டம் 58, ஆரம் 29. இரு அம்புகளின் பெருக்கல் பாதி நாணின் வர்க்கம் என்ற விதி ஆரியபட்டீயத்திலேயே உண்டு. துண்டு தட்டையாக இருந்தால் மட்டும் கவனம் வேண்டும். அதே 40 செ.மீ. நாணுக்கு அம்பு 2 செ.மீ. என்றால் ஆரம் 101 செ.மீ.; அம்பை 1 மி.மீ. குறைத்து அளந்துவிட்டால் 106-க்கு மேல் போய்விடும். ஆகவே நாணை எவ்வளவு நீளமாக எடுக்க முடியுமோ அவ்வளவு நீளமாக எடுத்து அளக்க வேண்டும்.