எந்த ஊர்த் தண்ணீர் குடித்தவர்? பழைய பல்லைப் படிக்கும் வித்தை

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் பிறந்து, அங்கத்தைய கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்து, கல்யாணமாகித் திருகோணமலைக்கு வந்து, பேரப்பிள்ளைகளைக் கண்டு இங்கேயே கண்மூடிய ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் வருசத்துக்கு முந்தியவர் என்றே வைத்துக்கொள்வோம். பெயர் தெரியாது, கல்வெட்டுக் கிடையாது. மிஞ்சியிருப்பது ஒரு தாடையும் ஒரு தொடையெலும்பும். "இவர் இந்த ஊரில் பிறந்தவரில்லை" என்று ஓர் ஆய்வுகூடம் சொல்லிவிட முடியும். பல்லை ஒருமுறையும் எலும்பை ஒருமுறையும் தனித்தனியே விசாரித்தால் இரண்டும் ஒரே பதிலைச் சொல்லாது. அந்த முரண்பாட்டில்தான் விசயமே இருக்கிறது.

பல்லின் வெளியோடான எனாமலில் நூற்றுக்கு 96 பங்கு கனிமம். நம் உடம்பில் அதைவிடக் கடினமான பொருள் வேறில்லை. முதல் கடைவாய்ப்பல்லின் முடிப்பகுதி, குழந்தை பிறக்கும் தறுவாயில் தாடைக்குள் உருவாகத் தொடங்கி மூன்று வயதளவில் முடிந்துவிடும். ஆறு வயதில் அது முரசைப் பிளந்துகொண்டு வெளியே வரும்போது உண்மையில் அது பழைய பல். ஞானப்பல்லின் முடி ஏறக்குறைய எட்டு வயதுக்கும் பதினான்குக்கும் இடையில் உருவாகிறது. எனாமலைக் கட்டிய உயிரணுக்கள் வேலை முடிந்ததும் இல்லாமற் போய்விடுவதால் அதைத் திருத்தவோ புதுப்பிக்கவோ ஆளில்லை. எலும்பு அப்படியல்ல. உடம்பு அதை ஓயாமல் கரைத்துக் கட்டிக்கொண்டே இருக்கும். விலா எலும்பு கடைசிச் சில வருசங்களின் கதையைச் சொல்லும். தொடையெலும்பு பத்து, இருபது வருசம், சிலவேளை அதற்கும் பின்னால் போகும்.

சரி, பல்லில் ஊர் எப்படி ஏறுகிறது? ஸ்ரொன்சியம் என்ற மூலகம் கல்சியத்தைப் போலவே நடந்துகொள்ளும். பாறையிலிருந்து மண்ணுக்கும் தண்ணீருக்கும், அங்கிருந்து நெல்லுக்கும் கீரைக்கும் போய், கடைசியில் கல்சியத்தின் இடத்தில் நம் பல்லுக்குள் உட்கார்ந்துவிடும். ஒரே மூலகத்தில் எடை வேறுபட்ட வகைகளைச் சமதானிகள் என்கிறோம். ஸ்ரொன்சியத்தில் 86, 87 என்ற இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இதில் 87 என்பது பாறையிலுள்ள ருபிடியம் என்ற இன்னொரு மூலகம் சிதைவதால் கூடிக்கொண்டே வருவது. அந்தச் சிதைவுக்கு அரைவாழ்வுக் காலமே கிட்டத்தட்ட 5,000 கோடி வருசம் என்பதால், மிகப் பழைய பாறையில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

இந்த விசயத்தில் இலங்கைத் தமிழருக்கு நல்ல வாய்ப்பு. கோணேசர் மலை நிற்கும் திருகோணமலைப் பாறைகள் 50 கோடி ஆண்டுக்கு மேல் பழமையானவை. அழுத்தத்திலும் வெப்பத்திலும் உருமாறியவை. யாழ்ப்பாணக் குடாநாடோ அவற்றைவிட மிகப் பிந்திய மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல், அதாவது ஒருகாலத்துக் கடலடி. ஆகவே குடாநாட்டுத் தண்ணீரில் 87க்கும் 86க்கும் உள்ள விகிதம் கடல்நீரைப் போல 0.709ஐ ஒட்டியே நிற்கும். பழைய பாறை நாட்டில் அது பொதுவாக அதற்கு மேலே ஏறும். தசமத்துக்குப் பின்னால் மூன்றாவது நான்காவது இலக்கத்தில்தான் வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கும் கருவியான திணிவுநிறமாலைமானி ஐந்தாவது இலக்கம்வரை பிரித்துப் பார்க்கும். அந்த உரும்பிராய்ப் பெண்ணின் முதல் கடைவாய்ப்பல் சுண்ணாம்புக்கல்லைச் சொல்லும், அவருடைய எலும்பு திருகோணமலையைச் சொல்லும்.

காகிதத்தில் இவ்வளவு அழகாக இருப்பது கடற்கரைக்கு வந்ததும் குழம்பிவிடும். நாள் தவறாமல் மீன் தின்று, கடலுப்புப் போட்டுச் சமைத்து, உவர்க்காற்றில் விளைந்த மரக்கறியைச் சாப்பிட்ட ஒரு திருகோணமலைப் பிள்ளையின் பல்லிலும் கடல்நீரின் விகிதமே கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். அந்த விகிதமும் 0.709தான்! சுண்ணாம்புக்கல் ஊர்ப் பெண்ணையும் கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த பெண்ணையும் ஸ்ரொன்சியம் ஒரே தட்டில் வைத்துவிடும். இது என் கற்பனைச் சிக்கல் அல்ல. குவாத்தமாலாவிலுள்ள திக்கால் என்ற மாயா நகரத்தில் சில பற்களின் கணக்கு உள்ளூர்ப் பாறையோடு ஒத்துவராமல் போனபோது, ஆய்வாளர்கள் கடலுப்பின் பங்கைக் கணக்கில் எடுக்க வேண்டியதாயிற்று. எனவே ஒரு பல்லைத் தொடுவதற்கு முன்பே அந்தந்த ஊரின் அடிக்கணக்கைப் போட வேண்டும். ஊரைவிட்டு அதிகம் நகராத எலி, நத்தை, வேரூன்றிய செடி கொடி என்று சேகரித்து அளப்பார்கள். நிலாவெளிக்கு ஒன்று, தம்பலகாமத்து வயலுக்கு ஒன்று, கந்தளாய்ப் பக்கத்துக்கு ஒன்று. சலிப்பான வேலைதான். ஆனால் இது இல்லாமல் வெளிவரும் முடிவுகளை நான் நம்புவதில்லை.

குழப்பத்தைத் தீர்க்க இன்னொரு சாட்சி வேண்டும். நைதரசன் அதற்கு உதவும். உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படி ஏறும்போதும் கனமான நைதரசன் கூடும். புல்லைவிட மாட்டில் அதிகம். சின்ன மீனைவிட அதைத் தின்னும் பெரிய மீனில் அதிகம். கடலில் படிகள் நிறைய என்பதால் மீன் தின்பவர் எலும்பு தனியாகத் தெரியும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை தாயையே "உண்பதால்" தாயைவிட ஒரு படி மேலே நிற்கும். பால் மறக்கடித்ததும் அந்த அளவு இறங்கிவிடும். பல்லின் உட்பகுதியை மெல்லிய துண்டுகளாக வெட்டி வரிசையாக அளந்தால், எத்தனை வயதில் பால் நிறுத்தப்பட்டது என்றுகூடக் கணிக்கலாம்.

காபன் வேறு கேள்விக்குப் பதில் சொல்லும்: சோறா, குரக்கனா? நெல் ஒருவிதமாக ஒளித்தொகுப்புச் செய்யும். குரக்கன், சாமை, தினை, வரகு போன்றவை இன்னொரு விதமாகச் செய்து கனமான காபனைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும். கடல் மீனும் காபனைக் கனமாக்குவதால் இங்கேயும் நைதரசனின் துணை தேவை. அப்புறம் அடர்ந்த காட்டு நிழலில் வளரும் செடிகளில் கனமான காபன் மிகக் குறைவு. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை வைத்துத்தான் நம் நாட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தது. பாஹியன் குகை, பட்டதொம்பலென முதலிய இடங்களில் கிடைத்த மனிதப் பற்களின் எனாமலை அளந்தபோது, குறைந்தது 20,000 ஆண்டுகளாக மனிதர்கள் மழைக்காட்டையே நம்பி வாழ்ந்தார்கள் என்று தெரிந்தது. மழைக்காட்டில் வேட்டையாடி மட்டும் பிழைக்க முடியாது என்று அதுவரை பலர் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒட்சிசன் குடித்த தண்ணீரைக் காட்டும். யாழ்ப்பாணமும் திருகோணமலையும் ஒரே வாடைக்காற்று மழையில் நனைவதால் அந்த இரண்டையும் பிரிக்க அது பெரிதாக உதவாது. ஆனால் இந்தத் துறைமுகத்துக்கு வந்து போனவர்கள் கொஞ்சமா? 1620இல் டேனியர், பிறகு போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர். குளிர்நாட்டு மழையில் கனமான ஒட்சிசன் குறைவு. கோட்டைப் பக்கம் பெயரில்லாமல் புதைந்த ஒரு மாலுமியின் பல்லை இந்த ஊர்ப் பல்லிலிருந்து பிரித்தறிய அது போதும்.

டி.என்.ஏ. எங்கே என்று கேட்பீர்கள். செய்திகளில் வருவது அதுதானே. 2022இல் சுவாந்தே பேபோவுக்கு நோபல் பரிசு கிடைத்ததே பழைய எலும்பிலிருந்து அதை எடுத்துப் படித்ததற்குத்தான். ஆனால் அவருடைய வெற்றிகளுக்குக் குளிர்நாட்டுக் குகைகள் பெரிய துணை. டி.என்.ஏ.யின் எதிரிகள் சூடும் ஈரமும். திருகோணமலையில் இரண்டுக்கும் குறைவில்லை. ஹரியானாவிலுள்ள ராக்கிகடியில் 61 மாதிரிகளைச் சோதித்து ஒன்றிலிருந்து மட்டுமே உருப்படியாக எடுக்க முடிந்தது. அதற்கும் காதின் உட்பகுதியைச் சுற்றியிருக்கும், உடம்பிலேயே அடர்த்தி கூடிய எலும்பு கைகொடுத்தது. நம் மண்ணில் எலும்பு கிடைத்தவுடனேயே "டி.என்.ஏ. பார்த்தால் தெரிந்துவிடும்" என்று அறிக்கை விடுபவர்கள் இந்த 61ஐ ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

சூட்டைத் தாங்குவது எனாமலுக்குள் சிறைப்பட்ட புரதம். தென்சீனக் குகை ஒன்றில் கிடைத்த 19 லட்சம் ஆண்டுப் பழைய பெருங்குரங்குப் பல்லிலிருந்து அதை எடுத்திருக்கிறார்கள், அங்கும் வெக்கைதான். இந்தப் புரதத்தில் எக்ஸ் வகை, வை வகை என்று இரண்டு உண்டு. வை வகையின் துணுக்கு இருந்தால் ஆண். ஸ்பெயினில் யானைத் தந்தத்தோடும் விலையுயர்ந்த பொருட்களோடும் புதைக்கப்பட்டிருந்த 5,000 ஆண்டுக்கு முந்திய ஒருவரை "தந்த மனிதன்" என்று ஆணாகவே எண்ணியிருந்தார்கள். 2023இல் அவருடைய பல் அவர் பெண் என்று சொன்னது. செல்வத்தோடு புதைத்தால் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணியவர்களைப் பற்றியும் அது கொஞ்சம் சொல்கிறது.

ஆய்வுகூடத்துக்குப் போகாமலே பல் சொல்வது நிறைய. முன்பல்லின் மேல் நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டினால் சிலருக்குக் குறுக்கே ஒரு பள்ளம் தட்டுப்படும். சிறுவயதில் கடும் காய்ச்சலோ பட்டினியோ வந்து எனாமல் கட்டும் வேலை தடைப்பட்ட இடம் அது. பள்ளம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை வைத்து எந்த வயதில் வந்தது என்று கணக்கிடலாம். பல்லை மெல்லிய தகடாக அரிந்து நுணுக்குக்காட்டியில் வைத்தால் நாளுக்கு ஒன்றாக விழுந்த வரிகள் தெரியும். அவற்றுக்கிடையே கறுத்த ஒரு கோடு, அந்தக் குழந்தை பிறந்த நாள்.

பல்லின் அடியில் படியும் காரையும் அப்படித்தான். பல்வைத்தியர் சுரண்டி எறியும் அந்தக் கல்லுக்குள் மாவுமணிகள், செடித் துணுக்குகள், வாய்க் கிருமிகளின் டி.என்.ஏ. எல்லாம் இறுகிக் கிடக்கும். நம் ஆட்களுக்கு ஆர்வமூட்டும் செய்தி 2025இல் தாய்லாந்திலிருந்து வந்தது. நோங் ரட்சவட் என்ற இடத்தில் கிட்டத்தட்ட 4,000 ஆண்டுக்கு முன் இறந்த ஓர் இளம் பெண்ணின் பற்காரையில் அரிக்கோலின் கிடைத்தது. பாக்கில் இருக்கும் சத்து. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஆய்வாளர்கள் பாக்கு, வெற்றிலை, சுண்ணாம்பு எல்லாம் சேர்த்து, எச்சிலும் கலந்து அரைத்து, தாங்களே ஒரு மாதிரி தாம்பூலம் தயாரித்துக்கொண்டார்கள். ஆச்சரியம் என்னவென்றால் அந்தப் பெண்ணின் பல்லில் செங்கறையே இல்லை. கறையில்லை என்பதால் வெற்றிலை போடாதவர் என்று முன்பு எழுதப்பட்ட முடிவுகளை இனித் திரும்பப் பார்க்க வேண்டும். ஆதிச்சநல்லூர் தாழி, பொம்பரிப்புத் தாழி, ஆனைக்கோட்டைப் புதைகுழி என்று நமக்கும் கேட்கப் பல்லிருக்கிறது.

காலக்கணிப்புக்கு வருவோம். கதிரியக்கக் காபன் 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். ஏறக்குறைய 50,000 ஆண்டுவரை கணக்கிடலாம். மீன் இங்கேயும் வந்து குறுக்கே நிற்கும். கடல்நீரில் பழைய காபன் தேங்கியிருப்பதால் கடலுணவை மட்டுமே நம்பியவரின் எலும்பு உண்மையைவிடச் சராசரியாக 400 ஆண்டு மூத்ததாகத் தோன்றும். எவ்வளவு மீன் தின்றார் என்று நைதரசனைக் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இது நமக்கு வெறும் தொல்லியல் இல்லை. 2018இல் மன்னார் நகரில் தொடங்கிய புதைகுழி அகழ்வில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. 2019இல் அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்று, அனுப்பப்பட்ட மாதிரிகள் 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரையானவை என்றது. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் அதை ஏற்கவில்லை. விஞ்ஞானம் சொன்னால் வாயை மூட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அனுப்பிய துண்டுகளைப் பற்றித்தான் ஆய்வுகூடம் பேச முடியும், அனுப்பாதவற்றைப் பற்றிப் பேச முடியாது. ஆனால் அண்மைக்கால எலும்பை அடையாளம் காண ஓர் உறுதியான வழி உண்டு. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வெடித்த அணுகுண்டுச் சோதனைகள் 1963 வாக்கில் வடவரைக்கோளக் காற்றிலுள்ள கதிரியக்கக் காபனைக் கிட்டத்தட்ட இரு மடங்காக்கின. அதற்குப் பின்வந்த பல பத்தாண்டுகளில் வளர்ந்தவர்களுடைய பல்லில் அந்த மிகை இருக்கும். எனாமலை அளந்து பிறந்த ஆண்டை ஓரிரு வருச வித்தியாசத்தில் சொல்லிவிடலாம்.

இத்தனையும் சொல்லும் பல், அதன் சொந்தக்காரர் எந்த மொழி பேசினார், எந்தச் சாமியைக் கும்பிட்டார் என்று சொல்லாது. கிழக்கு மாகாணத்தில் ஒரு பழைய எலும்பு கிடைத்தால் மறுநாளே அதற்கு இனம் எழுதிவிடுகிறார்கள். அதற்கென்று எந்தச் சமதானியும் கிடையாது.

கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ எலும்பு தென்பட்டால் வேலையை நிறுத்திவிட்டுப் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். பழையதா புதியதா என்பதை நீதவானும் சட்ட வைத்திய அதிகாரியும் பார்த்துக்கொள்வார்கள். பழையது என்றால் தொல்பொருள் திணைக்களம் வரும். எடுத்து வேறிடத்தில் வைத்தால், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற விவரம் போய்விடும். வெறுங்கையால் தொட்டால் உங்கள் டி.என்.ஏ. அதில் ஏறும். முக்கியமாக, மண் ஒட்டியிருக்கிறதே என்று பல்லைத் தேய்த்துக் கழுவ வேண்டாம். முதலில் உதிர்ந்து போவது அந்தக் காரைதான்.