போர்டின் ஓரமே கனெக்டர் ஆகும்போது

கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைக் கையில் எடுத்தால், அடியில் தங்க நிறத்தில் வரிசையாகப் பட்டைகள் தெரியும். தனியாக ஒரு கனெக்டரை அங்கே பற்றவைப்பதில்லை. போர்டின் ஓரமே ஸ்லாட்டுக்குள் இறங்குகிறது, ஸ்லாட்டின் ஸ்பிரிங்குகள் அதை இருபுறமும் அழுத்திப் பிடிக்கின்றன. ஆகவே கனெக்டரில் பாதியைச் செய்வது போர்டை வரைபவர்தான். மற்ற பாகங்களுக்கு ஃபுட்பிரிண்ட் (போர்டில் பாகம் உட்காரும் இடத்தின் வரைவு) என்பது சோல்டருக்கு இடம் ஒதுக்குவது. இங்கே போர்டின் தடிமன், ஓரத்தின் சரிவு, தங்கத்தின் வகை எல்லாமே அதில் அடக்கம்.

முதலில் பிட்ச், அதாவது பட்டைக்குப் பட்டை உள்ள தூரம். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் ஸ்லாட்டில் 62 தொடர்புகள், பக்கத்துக்கு 31, பிட்ச் 2.54 மி.மீ. இதை 2.5 என்று வரைந்தால் முதல் பட்டை சரியாகவே உட்காரும், 31-ஆவது பட்டை 1.2 மி.மீ. விலகி நிற்கும். இன்றைய கிராஃபிக்ஸ் கார்டுகள் செருகப்படும் ஸ்லாட் வகையான பிசிஐ எக்ஸ்பிரஸில் பிட்ச் 1 மி.மீ.தான். பட்டையின் அகலம் 0.7 போக, நடுவே 0.3 மி.மீ. மிஞ்சும். போர்டின் தடிமன் 1.57 மி.மீ. இந்த அளவுகளை ஸ்கேல் வைத்து அளந்து எடுக்கக் கூடாது, தரநிலை வரைபடத்திலிருந்தே எடுக்க வேண்டும்.

அடுத்தது பக்கங்கள். பிசிஐ எக்ஸ்பிரஸில் பாகங்கள் இருக்கும் பக்கம் பி, மறுபக்கம் ஏ. பி1-க்கு நேர் பின்னால் ஏ1. கார்டைத் திருப்பிப் பார்த்து எண்களை எழுதி, அதையே மேலிருந்து பார்க்கும் மென்பொருளில் போட்டால் ஏ பக்கம் முழுவதும் தலைகீழாகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம், பட்டைகளின் நீளம். 36 தொடர்புகள் கொண்ட சிறிய எக்ஸ்1 கார்டில் ஏ1, பி17 இரண்டும் மற்றவற்றைவிடக் குட்டை. செருகும்போது கடைசியாகத் தொடுவதும், பிடுங்கும்போது முதலில் விலகுவதும் இவைதான். கார்டுக்குள் இவ்விரண்டையும் ஒன்றோடொன்று இணைத்திருப்பார்கள். ஒன்று வரிசையின் தொடக்கத்தில், மற்றொன்று ஏறக்குறைய முடிவில். கார்டு கோணலாக இறங்கினால் சுற்று முழுமையடையாது, 'கார்டு வந்துவிட்டது' என்ற தகவல் மதர்போர்டுக்குப் போகாது. செம்பைச் சற்றுக் குறைத்ததிலேயே ஒரு பாதுகாப்பு கிடைத்துவிட்டது!

சரி, தங்கம் எதற்கு? செருகும் ஒவ்வொரு முறையும் ஸ்பிரிங் பட்டையை உரசிக்கொண்டே இறங்குகிறது. சாதாரண போர்டுகளில் வேதிமுறையில் படியவைக்கும் தங்கம் 0.05 முதல் 0.1 மைக்ரான் வரைதான் இருக்கும். அது சீக்கிரம் தேய்ந்து, அடியிலுள்ள நிக்கல் வெளியே வந்து ஆக்சைடு படியும், தொடர்பு கெடும். அடிக்கடி கழற்றி மாட்டும் கார்டுக்கு, சிறிது கோபால்ட் கலந்த கடினத் தங்கமே வேண்டும். வழக்கமான தடிமன் 0.75 மைக்ரான். இதில் சிக்கனம் பார்ப்பது தவறு என்றே சொல்வேன். இந்தப் பூச்சுக்கு மின்சாரம் பாய வேண்டும் என்பதால், தயாரிப்பின்போது எல்லாப் பட்டைகளும் மெல்லிய செம்புக் கோடுகளால் போர்டுக்கு வெளியே ஒன்றாக இணைந்திருக்கும். பூச்சு முடிந்ததும் அவற்றை வெட்டிவிடுவார்கள்.

பட்டைகள் உள்ள இடத்தில் சோல்டர் மாஸ்க் (செம்பை மூடும் காப்புப் பூச்சு) கூடாது, வயா (லேயர்களை இணைக்கும் துளை) கூடாது. சோல்டர் பசை தடவும் இடங்களைக் குறிக்கும் சோல்டர் பேஸ்ட் லேயரையும் அங்கே மறக்காமல் நீக்க வேண்டும். இல்லாவிட்டால் தங்கத்தின் மேல் சோல்டர் ஏறிவிடும். உள்லேயர்களின் கிரவுண்டு செம்பையும் பட்டைகளுக்கு அடியில் எடுத்துவிட வேண்டும். அகலமான பட்டையும் கீழே உள்ள செம்பும் சேர்ந்து ஒரு கெபாசிட்டர் ஆகிவிடும். பிசிஐ எக்ஸ்பிரஸின் முதல் தலைமுறையிலேயே வேகம் நொடிக்கு 250 கோடி பிட். அந்த வேகத்தில் சிக்னலின் ஒரு பகுதி அங்கே பட்டுத் திரும்பும்.

ஓரத்தைச் சீவிச் சரிவாக்குவதற்குப் பெவல் என்று பெயர். பிசிஐ எக்ஸ்பிரஸுக்கு 20 டிகிரி. சீவும் இடம் வரை பட்டை நீண்டிருந்தால் செம்பு பிய்ந்து எழும், அதனால் பட்டையைச் சற்று முன்பே நிறுத்த வேண்டும். அப்புறம், பெவல் கோணமும் கடினத் தங்கமும், போர்டு செய்யத் தரும் கெர்பர் என்ற வடிவக் கோப்பின் செம்பு லேயரில் தெரியாது. போர்டு செய்பவருக்குத் தரும் வரைபடத்தில் தனியாக எழுதித்தான் கேட்க வேண்டும்.