துறையிடைப் படிப்பு: சொல்லும் நடைமுறையும்

பல துறைகள் கலந்து ஒன்றாகக் கற்பிக்கும் 'இன்டர்டிசிப்ளினரி' படிப்பைத் தமிழ்ச் சுற்றறிக்கைகளிலும் சேர்க்கை விளம்பரங்களிலும் 'பல்துறைப் படிப்பு' என்று எழுதிவிடுகிறார்கள். அது, துறைகளைத் தனித்தனியே அடுத்தடுத்து வைக்கும் 'மல்டிடிசிப்ளினரி'க்கு உரிய சொல். பெயர் தடம் மாறினால் பாடத்திட்டமும் தடம் மாறும். எந்தெந்தத் துறைக்கு எத்தனை தாள் என்று பங்கு போடுவதிலேயே பாடத்திட்டக் குழுவின் பேச்சு முடிந்துவிடும்.

'டிசிப்ளின்' லத்தீனிலிருந்து வந்தது. 'டிசிபுலஸ்' என்றால் மாணவர், 'டிசிப்ளினா' என்றால் அவர் பெறும் பயிற்சி. 'இன்டர்' என்ற முன்னொட்டோடு 1920, 30களில் அமெரிக்கச் சமூக அறிவியலாளர்களிடையே இச்சொல் புழங்கத் தொடங்கியது. 1970இல் பிரான்சின் நீஸ் நகரில் நடந்த கருத்தரங்கில்தான் பல்துறை, துறையிடை, துறைகடந்த ('டிரான்ஸ்டிசிப்ளினரி') என்ற மூன்று நிலைகளும் தெளிவாகப் பிரிக்கப்பட்டன.

தமிழில் 'துறை' ஆற்றில் இறங்கும் இடம். திணைக்குள் அடங்கும் பிரிவும் துறைதான். ஒன்றை முற்றக் கற்பதைத் 'துறைபோதல்' என்றார்கள். 'இடைத்துறை' என்று சொன்னால் நடுவில் உள்ள ஒரு துறை என்று பொருள்படும். 'துறையிடை' என்பதே துறைகளுக்கு நடுவே நடப்பதைச் சொல்கிறது.

வேறுபாட்டைப் பாலாற்றங்கரையிலேயே பார்க்கலாம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், 28-8-1996 அன்று உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும்' என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. கிணற்று நீரில் குரோமியம் எவ்வளவு என்று வேதியியலாளர் அளப்பார். அது நிலத்தடியில் எப்பக்கம் நகரும் என்பதை நிலவியலாளர் சொல்வார். பொறுப்பு யாருடையது என்பது சட்டத்தின் கேள்வி. இவற்றை மூன்று தாளாகத் தனித்தனியே நடத்தினால் அது பல்துறை. எந்தக் கிணற்றில், எந்த ஆழத்தில், யார் முன்னிலையில் நீர் எடுத்தால் அந்த அளவீடு நீதிமன்றத்தில் சான்றாக நிற்கும் என்று மூவரும் சேர்ந்து கற்பித்தால் துறையிடை. வேலூர் சி.எம்.சி., சென்னை ஐ.ஐ.டி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் ஆகியவை கூட்டாக நடத்தும் மருத்துவப் பொறியியல் எம்.டெக். இதற்கு நல்ல முன்மாதிரி.

இனி, இப்படியொரு துறையிடைப் படிப்பைத் தொடங்கும் நடைமுறை. சேர்க்காட்டிலுள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகம் போன்ற மாநிலப் பல்கலைக்கழகத்தில் புதிய படிப்பு பாடத்திட்டக் குழு, கல்விக் குழு, சிண்டிகேட் (நிர்வாகக் குழு) என்ற வரிசையில் போகும். முதல் படியிலேயே சிக்கல் வரும். வேதியியலுக்கு ஒரு பாடத்திட்டக் குழு, சட்டத்துக்கு வேறொன்று. ஏதாவது ஒன்றிடம் விட்டால் மற்றது விருப்பப்பாடமாகச் சுருங்கும். இரு பக்கத்திலிருந்தும் உறுப்பினர்களைச் சேர்த்துத் தனிக் குழு அமைப்பதே சரி. வினாத்தாள் எடுப்பவர்களின் பட்டியலையும் அந்தக் குழுவே தயாரிக்க வேண்டும்.

பட்டத்தின் பெயரில் புதுமை வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அரசிதழில் வெளியிட்ட பட்டியலில் இல்லாத பட்டத்துக்கு, படிப்பு தொடங்க ஆறு மாதம் முன்பே அதன் ஒப்புதலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். எம்.எஸ்சி. என்றே வைத்துக்கொண்டு, புதுமையைப் பாடப் பெயரில் காட்டலாம்.

முதல் பருவத்தில் இணைப்புத் தாள்கள் கட்டாயம்: அறிவியல் மாணவருக்குச் சட்ட அடிப்படை, கலை மாணவருக்கு வேதியியலும் புள்ளியியலும். வகுப்புப் பாடத்தில் ஒரு கிரெடிட்டுக்கு (பாட மதிப்பலகுக்கு) 15 மணி நேரம், ஆய்வகத்தில் 30 மணி நேரம் என்று கணக்கிட்டால், நான்கு கிரெடிட் வகுப்புத் தாளுக்கு 60 மணி நேரம் கிடைக்கும். அடிப்படையைப் பாதித் தாளில் அடைத்தால் இரண்டாம் பருவத்தில் வகுப்பு இரண்டாகப் பிளந்துவிடும்.

அதிகம் கவனிக்கப்படாதது பணிச்சுமைக் கணக்கு. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம், பேராசிரியருக்கு 14 என்கிறது யு.ஜி.சி.யின் 2018 விதிமுறை. இருவர் ஒரே வகுப்பில் சேர்ந்து நடத்தும்போது ஆளுக்குப் பாதி நேரம் எழுதினால், அடுத்த ஆண்டே இருவரும் தாளைப் பிரித்துக்கொண்டு தனித்தனியே நடத்தப் போய்விடுவார்கள். இருவருக்கும் முழு நேரத்தையும் கணக்கில் சேர்க்கும் தீர்மானம் படிப்பு தொடங்கும் முன்பே வர வேண்டும்.

மாணவருக்குப் பெரிய அடி படிப்பை முடித்த பிறகு விழும். டி.என்.பி.எஸ்.சி., ஆசிரியர் தேர்வு வாரிய அறிவிக்கைகள் கேட்கும் பட்டத்துக்கு இந்தப் புதிய பட்டம் இணையானது என்ற அரசாணை இல்லாவிட்டால் சான்றிதழ் சரிபார்ப்பில் நிராகரிக்கப்படலாம். பாடத்திட்டம் சிண்டிகேட்டில் நிறைவேறியதும், எந்தப் பட்டத்துக்கு இணை என்று தாள் வாரியான ஒப்பீட்டுடன் உயர்கல்வித் துறைக்கு விண்ணப்பத்தை அனுப்பிவிட வேண்டும். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட், செட் தேர்வை எந்தப் பாடத்தில் எழுதலாம் என்பதையும் சேர்க்கை விளக்கக் கையேட்டிலேயே அச்சிட்டுக் கொடுப்பது மாணவருக்குச் செய்ய வேண்டிய கடமை.