மூச்சு வாங்காத ரைடும் பயிற்சிதான், தம்பி

இந்த மே மாதத்தில் மட்டும் முட்டிவலி என்று பிசியோதெரபிஸ்டான என்னிடம் வந்த கல்லூரி சைக்கிள் வீரர்களில் இவன் நான்காவது. இருபது வயது, பொறியியல் மூன்றாம் ஆண்டு. பிப்ரவரியோடு சீசன் முடிந்துவிட்டது. வலது முழங்கால் சில்லைச் சுற்றி வலி, மாடிப்படி இறங்கும்போது கூடுதலாக. ஸ்கேன் எடுத்தாயிற்று, அதில் ஒன்றும் இல்லை. வெளியே உட்கார்ந்திருந்த அம்மா உள்ளே வந்தார். "நீங்களாவது சொல்லுங்க மேடம். காலையில நாலரை மணிக்கு வெறும் வயித்தோட கிளம்பிடறான். வந்து விழுந்தா தூக்கம். நான் சொன்னா காதுலயே வாங்கறதில்லை."

பையன் போனை நீட்டி, ரைடுகளைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியைக் காட்டினான். வாரத்துக்கு ஆறு ரைடு, 450 கிலோமீட்டருக்கு மேல். திருவான்மியூரிலிருந்து ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் போய்த் திரும்பும் அதே பாதை, ஒவ்வொரு நாளும் முந்தைய நாளின் நேரத்தைத் தாண்டும் முயற்சி. சராசரி இதயத்துடிப்பு எந்த நாளிலும் 165-க்குக் கீழே இறங்கவில்லை. அப்படியும் மார்ச்சைவிட மே மாதத்தில் வேகம் குறைந்திருந்தது. அதனால் இன்னும் அழுத்தி ஓட்டியிருக்கிறான். "எந்த நாள்ப்பா நிதானமா ஓட்டுவ?" என்று கேட்டேன்.

"அப்படி ஓட்டினா வேஸ்ட் மேடம்."

நான்கு பேரும் இதே பதிலைத்தான் சொன்னார்கள், 'வேஸ்ட்' என்ற அதே சொல்லோடு. விளையாட்டு பிசியோதெரபிஸ்டாக இத்தனை வருடம் இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் இதை இன்றைக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்லப் போகிறேன்.

நம் பக்கத்தில் பந்தயங்கள் பெரும்பாலும் வெயில் தணிந்த மாதங்களில் வரும். கோடையில் செமஸ்டர் தேர்வு, விடுமுறை, கத்திரி வெயில். ஆக, கல்லூரி சைக்கிள் வீரருக்கு ஆஃப் சீசன் என்பது கோடைதான். 'கோடை உழவு கோடி நன்மை' என்று விவசாயிகள் சொல்வார்கள். கோடையில் உழுகிறவர் அன்றைக்கே விளைச்சலை எதிர்பார்ப்பதில்லை, அடுத்த போகத்துக்கு மண்ணைத் தயார் செய்கிறார். நிதானமான ரைடு செய்வதும் அந்த வேலையைத்தான். மணிக்கணக்கில் மெதுவாக ஓட்டும்போது இதயம் ஒரு துடிப்புக்கு அனுப்பும் ரத்தம் கூடுகிறது, தசைக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகுகின்றன, கொழுப்பை எரித்து ஓட்டும் திறன் வளர்கிறது. கடைசி பத்து கிலோமீட்டரில் மற்றவர்கள் வாடும்போது உங்களைத் தாங்கப்போவது இதுதான்.

"வேகமா ஓட்டினாலும் இதெல்லாம் வளருமே மேடம்?" என்று கேட்பார்கள். வளரும். ஆனால் உண்மையிலேயே கடினமாக ஓட்டிய ஒரு நாளிலிருந்து மீள உடம்புக்கு ஒன்றிரண்டு நாள் வேண்டும். அந்த இடைவெளியைக் கொடுக்காமல் மறுநாளும் முறுக்கினால், களைத்த காலோடு நடுத்தர வேகத்தில்தான் ஓட்ட முடியும். அதற்கடுத்த நாளும் அப்படியே. ஆறு நாளும் கஷ்டப்பட்டது போலவே இருக்கும். ஆனால் மெதுவான நாள் போதிய அளவு மெதுவாக இருந்திருக்காது, வேகமான நாளும் போதிய அளவு வேகமாக இருந்திருக்காது. அந்தப் பையனின் ஸ்ட்ராவாவில் நான் பார்த்தது இதைத்தான்.

ஸ்டீஃபன் சைலர் என்ற உடலியல் ஆய்வாளர் நார்வேயில் இருந்துகொண்டு, உலகத் தரத்துப் படகோட்டிகள், பனிச்சறுக்கு வீரர்கள், சைக்கிள் வீரர்கள் எல்லாம் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று பல ஆண்டுகள் கவனித்தார். ஏறக்குறைய ஐந்தில் நான்கு பயிற்சிகள் நிதானமானவை, மிச்சம் ஒன்றுதான் கடினம். உலகப் போட்டியில் நிற்கிறவர்களே இப்படித்தான் பயிற்சி செய்கிறார்கள். "அவங்க வாரத்துக்கு இருபது, இருபத்தைந்து மணி நேரம் ஓட்டறாங்க, எனக்கு பத்து மணிதானே கிடைக்குது" என்பது நியாயமான கேள்வி. நேரம் குறைவாக இருந்தால் கடினமான பங்கு கொஞ்சம் கூடலாம். வாரத்தில் இரண்டு நாள் முறுக்குங்கள், நான் தடுக்கவில்லை. ஆறுக்கு ஆறு கூடாது, அவ்வளவுதான்.

எது நிதானம் என்று தெரிந்துகொள்ள, மிதிக்கும் விசையை அளக்கும் பவர் மீட்டர் தேவையில்லை. பக்கத்தில் வருகிறவரிடம் நேற்றைய மேட்ச்சைப் பற்றி முழு வாக்கியங்களில் பேசிக்கொண்டே ஓட்ட முடிகிறதா? முடிந்தால் சரி. நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு இழுத்தால் வேகத்தைக் குறையுங்கள். ஸ்பீடோமீட்டரைப் பார்க்காதீர்கள். டிசம்பர் அதிகாலையில் சாதாரணமாக வந்த வேகம் மே மாதப் புழுக்கத்தில் அதே இதயத்துடிப்பில் வராது. உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போகிறது, வியர்வையில் நீர் போகிறது, இதயம் கூடுதலாகத் துடித்துத்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. அது வெயிலின் கணக்கு, உங்கள் ஃபிட்னஸ் குறைந்ததற்கு அடையாளம் இல்லை. இதை அந்தப் பையனுக்கு யாராவது ஏப்ரலிலேயே சொல்லியிருந்தால் என்னிடம் வந்திருக்கவே மாட்டான்.

அப்புறம் அந்த சனிக்கிழமை குரூப் ரைடு. "இன்னைக்கு ஈஸி" என்று எல்லோரும் சேர்ந்துதான் கிளம்புவார்கள். முட்டுக்காடு பாலம் கண்ணில் பட்டதும் ஒருவர் சீட்டை விட்டு எழுந்து மிதிப்பார், பின்னாலேயே பன்னிரண்டு பேரும். உங்கள் கடினமான இரண்டு நாட்களில் ஒன்றாக அதை வைத்துக்கொள்ளுங்கள், மனசார ஸ்பிரின்ட் அடியுங்கள். நிதானமான நாளாகக் கணக்கு எழுதாதீர்கள்.

ஓய்வு எடுத்தால் உழைத்ததெல்லாம் போய்விடும் என்ற பயமும் எல்லோரிடமும் இருக்கிறது. 1984-இல் எட்வர்ட் கோய்ல் என்ற உடலியல் ஆய்வாளரின் குழுவினர் நன்கு பயிற்சி பெற்ற வீரர்களை முழுக்கப் பயிற்சியை நிறுத்தச் சொல்லி அளந்தார்கள். மூன்று வாரம் ஒன்றுமே செய்யாமல் இருந்தபோது உடலின் உச்ச ஆக்சிஜன் திறன் சுமார் 7 சதவீதம் குறைந்தது. ஒன்றுமே செய்யாமல் இருந்தால்தான் அந்த 7. நீங்கள் இரண்டு வாரம் ரேஸ் சைக்கிளைத் தொடாமல் நீந்தினாலோ, ஷட்டில் ஆடினாலோ, நண்பர்களோடு மலை ஏறினாலோ அவ்வளவுகூடக் குறையாது. சீசன் முடிந்ததும் அந்த இரண்டு வாரத்தை எடுத்தே ஆக வேண்டும். அதன் பிறகு எட்டு, பத்து வாரம் நிதானமான ரைடுகள், மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி நான்காவது வாரம் குறைத்து. அதற்கு அப்புறம்தான் இன்டர்வல் எல்லாம், அதாவது கொஞ்ச நேரம் முறுக்கி, கொஞ்ச நேரம் தளர்த்தி மாற்றி மாற்றி ஓட்டும் பயிற்சி.

சரி, முட்டிக்கு வருகிறேன். நிமிடத்துக்கு 90 மிதி என்றால் மணிக்கு 5,400. மூன்று மணி நேர ரைடில் ஒவ்வொரு காலும் 16,200 தடவை மடங்கி நீள்கிறது. சீட் உயரம் தவறாக இருந்தால் அந்தத் தவறும் 16,200 தடவை. அதனால் முட்டிவலியோடு சைக்கிள் வீரர் வந்தால் காலைத் தொடுவதற்கு முன்பு நான் சைக்கிளைத்தான் பார்ப்பேன். பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருக்க வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும், அளவுக்கு மீறி உயர்ந்திருந்தால் பின்பக்கம். இவனுக்கு இரண்டு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. அது சீனியர் ஒருவரின் சைக்கிள், இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள். கல்லூரி அணிகளில் இது சகஜம், பணம் போட்டு ஆளுக்கொன்று வாங்க எல்லோராலும் முடியாது, எனக்குப் புரிகிறது. ஆனால் சீட்டைத் தாங்கும் கம்பியில் (சீட் போஸ்ட்) உங்கள் உயரத்துக்கு ஒரு இன்சுலேஷன் டேப் ஒட்டி வைக்க ஐந்து ரூபாய்கூட ஆகாது. தயவுசெய்து ஒட்டுங்கள். பெரிய கியரில் போட்டு நிமிடத்துக்கு 60 மிதி என்று நசுக்கி நசுக்கி ஓட்டுவதையும் விடுங்கள். அதுவும் முட்டிக்குத்தான் போய்ச் சேரும்.

"மாத்திரை ஏதாவது போடறியா?" என்று கேட்டதும் அம்மாவைப் பார்த்தான். மூன்று வாரமாக ரைடுக்கு முன்னால் ஒரு வலி மாத்திரை போட்டிருக்கிறான். மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. மே மாத வெயிலில் மூன்று மணி நேரம் வியர்த்து நீர் வற்றிய உடம்பில், வெறும் வயிற்றில், அந்த வகை மாத்திரை சிறுநீரகத்தையும் இரைப்பையையும் பதம் பார்க்கும். வலியை மறைத்துவிட்டு ஓட்டினால் எங்கே நிறுத்த வேண்டும் என்றும் தெரியாது. ரைடுக்கு முன்னால் மாத்திரை போட வேண்டியிருக்கிறதென்றால் அன்றைக்கு ரைடு கிடையாது. இதில் பேச்சுக்கே இடமில்லை.

அடுத்தது சாப்பாடு. எடை குறைந்தால் மேட்டில் வேகம் கூடும் என்று யாரோ சொல்லி, ஆஃப் சீசனில் இவர்கள் ஓட்டுவதைக் கூட்டிச் சாப்பாட்டைக் குறைக்கிறார்கள். உழைப்புக்குத் தேவையான சக்தி சாப்பாட்டில் கிடைக்காவிட்டால் உடம்பு மற்ற வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொள்ளும். ஹார்மோன் குறையும், எலும்பு வலுவிழக்கும், அடிக்கடி சளி பிடிக்கும், தூக்கம் கெடும், எரிச்சல் வரும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இதற்கு ரெட்-எஸ் (RED-S, விளையாட்டில் வரும் சக்திப் பற்றாக்குறை) என்று பெயர் வைத்தது. ஆண்களுக்கும் வரும்.

பெண் வீரர்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். போன வருடம் வந்த ஒரு மாணவி, ஐந்து மாதமாக மாதவிடாய் வரவில்லை என்பதை மூன்றாவது தடவை வந்தபோதுதான் சொன்னாள். "டிரெயினிங் நல்லா போகுதுன்னு அர்த்தம்னு அக்கா ஒருத்தங்க சொன்னாங்க மேடம்." இல்லைம்மா, அப்படி அர்த்தம் கிடையவே கிடையாது. உனக்குச் சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்லியிருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். மூன்று மாதம் வரவில்லையென்றால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள். கூடவே ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது) இரண்டையும் பார்த்துவிடுங்கள். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தசோகையோடு எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் மூச்சுதான் வாங்கும், வேகம் வராது.

நாலரைக்குக் கிளம்ப வேண்டுமென்றால் இரண்டு வாழைப்பழம், நாலு பேரீச்சை போதும். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ரைடில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கிறது, கடலைமிட்டாயும் சட்டைப் பையில் வைக்கலாம். சக்திக்காக ரைடில் சாப்பிடும் ஜெல் பாக்கெட் வாங்கக் காசில்லை என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சை சாறு ஒரு பாட்டில். வீட்டுக்கு வந்ததும் தூங்கப் போவதற்கு முன்பு இட்லியோடு இரண்டு முட்டை, இல்லையென்றால் சுண்டலும் பாலும். அம்மா கூப்பிடும்போது போய் உட்காருங்கள்.

எலும்பைப் பற்றிச் சொன்னேன். சைக்கிளில் உடம்பின் எடையைச் சீட் தாங்கிக்கொள்வதால் எலும்புக்குச் சுமையே கிடைப்பதில்லை. சாலைப் பந்தய வீரர்களுக்கு, குறிப்பாக இடுப்பு முதுகெலும்பில், எலும்பு அடர்த்தி குறைவாக இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. வாரம் இரண்டு நாள் ஜிம்மில் ஸ்குவாட், டெட்லிஃப்ட் போன்ற எடை தூக்கும் பயிற்சிகளைச் செய்யுங்கள். கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கட்டும். உடம்பு பருத்து எடை கூடிவிடாது.

சாலையைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இப்போதைக்கு இவ்வளவு: வேனுக்கும் லாரிக்கும் பின்னால் ஒட்டி ஓட்டாதீர்கள், அவர் பிரேக் போட்டால் உங்களுக்கு நேரமே இருக்காது. இருட்டில் முன்னும் பின்னும் விளக்கு. காதில் எதுவும் கூடாது. விழுந்து அடிபட்ட ஹெல்மெட்டைத் தூக்கிப் போடுங்கள். தலையில் அடிபட்டால் "ஒண்ணுமில்லை" என்று எழுந்து ஓட்டக் கூடாது, நண்பர்கள் விடவும் கூடாது.

காலையில் கண் விழித்ததும் படுத்தபடியே நாடித்துடிப்பை எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். சில நாள் தொடர்ந்து வழக்கத்தைவிட ஏழெட்டு கூடியிருந்து, தூக்கமும் பசியும் கெட்டு, படியேறவே கால் கனத்தால், அன்றைக்கு உங்களுக்கு வேண்டியது ஓய்வு. இன்னும் ஒரு ரைடு அல்ல.

அந்தப் பையனுக்கு சீட்டை ஏற்றி, மாத்திரையை நிறுத்தி, இரண்டு வாரம் குட்டி கியரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். இடுப்புக்கும் தொடைக்கும் நாலு பயிற்சி. முகம் வாடித்தான் போனான். பத்து நாள் கழித்து அம்மாதான் போன் செய்தார், படி இறங்கும்போது வலி குறைந்திருக்கிறதாம், சாப்பிடவும் செய்கிறானாம். மூன்றாவது வாரம் வரச் சொல்லியிருக்கிறேன்.

முட்டிவலியோடு என்னைப் போன்றவர்களைப் பார்க்க வருகிறவர்கள் ஸ்கேன் ஃபைலை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். சைக்கிளையும் ஓட்டும்போது போடும் ஷூவையும் கொண்டு வாருங்கள். மாடி ஏற்ற வேண்டாம், நானே கீழே இறங்கி வந்து பார்க்கிறேன்.