டிரஸ்ட் டீடில் ஒட்டிக்கொண்டு வரும் விசுவாச அறிக்கை

போன வருடம் ஒரு பாஸ்டர் தன் சபைக்கு டிரஸ்ட் டீட் (அறக்கட்டளைப் பத்திரம்) எழுத வந்தார். பல வருடம் வாடகைக் கட்டடத்தில் சபை நடத்திவிட்டு, அப்போதுதான் சொந்தமாக ஐந்து சென்ட் இடம் பேசி முடித்திருந்தார்கள். "விசுவாச அறிக்கை ரெடியா இருக்கு பிரதர், வாட்ஸ்அப்ல போட்டிருக்கேன்" என்றார். சபை எதையெல்லாம் விசுவாசிக்கிறது என்று பத்திரத்தோடு சேர்க்கிற தாள் அது. திறந்து பார்த்தேன். ஐந்து பக்கம். நான்காவது பக்கத்தில் இப்படி ஒரு வரி: "எங்கள் சபை இரண்டு அவசரச் சட்டங்களைக் கடைப்பிடிக்கிறது: ஞானஸ்நானம் மற்றும் ஆண்டவரின் இரவு உணவு." அதற்குக் கீழே, "சபையின் பேரானந்தம் எந்த நேரத்திலும் நிகழலாம்."

அமெரிக்கச் சபை ஒன்றின் இணையதளத்திலிருந்து எடுத்து, மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஞானஸ்நானமும் ஆர்டினன்ஸ்தான், கவர்னர் போடுவதும் ஆர்டினன்ஸ்தான். பாவம், ஆப் என்ன செய்யும்! திருவிருந்து இரவு உணவாகிவிட்டது, விசுவாசிகளை எடுத்துக்கொள்ளக் கிறிஸ்து வருவார் என்கிற இரகசிய வருகை பேரானந்தமாகிவிட்டது. பாஸ்டரும் விழுந்து விழுந்து சிரித்தார். "சரி பாஸ்டர், இந்த ஐந்து பக்கத்தில் எந்த வரியை ஒருவர் மறுத்துப் போதித்தால் அவரைப் பிரசங்க பீடத்தில் ஏற்றமாட்டீர்கள்?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது.

நான் வழக்கறிஞர், இறையியல் படித்தவன் அல்ல. ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் உட்காருகிற சாதாரண விசுவாசி. ஆனால் சுயாதீன சபைகளுக்குப் பத்திரம் எழுதித் தருவதும், அந்தப் பத்திரத்தை வைத்துக்கொண்டு அவர்களே சண்டைக்கு வரும்போது எடுத்துப் படிப்பதும் என் தொழிலில் ஒரு பகுதி. விசுவாச அறிக்கையை எல்லோரும் பத்திரத்தின் கடைசியில் ஒட்டுகிற அலங்காரத் தாளாகத்தான் நினைக்கிறார்கள். சபை இரண்டாகும் நாளில் முதலில் புரட்டப்படுவது அந்தத் தாள்தான்.

இதற்கு ஸ்காட்லாந்தில் நடந்ததைத்தான் எல்லோருக்கும் சொல்வேன். அங்கே 1843-ல் பிரிந்து உருவான ஃப்ரீ சர்ச், 1900-ல் இன்னொரு பிரஸ்பிட்டேரியன் சபையோடு இணைந்தது. பெரும்பான்மை அசுரப் பெரும்பான்மை. எதிர்த்த போதகர்கள் முப்பதுக்கும் குறைவு. அந்தச் சிறு கூட்டம் கோர்ட்டுக்குப் போனது. "சபையை ஆதரிப்பது அரசின் கடமை என்பது எங்கள் ஸ்தாபகக் கொள்கை. நீங்கள் அதைக் கைவிட்டவர்களோடு சேர்ந்துவிட்டீர்கள். ஆகவே உண்மையான ஃப்ரீ சர்ச் நாங்கள்தான், சொத்தும் எங்களுடையதே" என்பது அவர்கள் வாதம். 1904-ல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. எந்த விசுவாசத்துக்காகக் காணிக்கை கொடுக்கப்பட்டதோ, அந்த விசுவாசத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களுக்கே சொத்து; தலை எண்ணிப் பார்த்து இல்லை. நூற்றுக்கணக்கான ஆலயங்களும் எடின்பரோவில் இருந்த கல்லூரியும் பூட்டித் திறக்கக்கூட ஆள் போதாத ஒரு சிறு கூட்டத்துக்குப் போயின. கடைசியில் நாடாளுமன்றமே 1905-ல் தனிச் சட்டம் போட்டுச் சொத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

நம் ஊர் கோர்ட்டுகள் திரித்துவத்தை, அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்ற உபதேசத்தை, விசாரிக்காது என்று சிலர் நினைக்கிறார்கள். வெறும் உபதேச விவாதம் என்றால் விசாரிக்காதுதான். ஆனால் சொத்துரிமையோ பதவி உரிமையோ வழக்கில் இருந்தால், அது மதச் சடங்கு பற்றிய கேள்வியைப் பொறுத்ததாக இருந்தாலும் சிவில் வழக்குதான் என்று சிவில் நடைமுறைச் சட்டம் 9-ம் பிரிவின் விளக்கம் சொல்கிறது.

என்னிடம் வந்த ஒரு விவகாரம். ஸ்தாபகப் போதகர் காலமான பிறகு மகன் பொறுப்புக்கு வந்தார். ஆறு மாதத்தில், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று ஆள்தத்துவம் கிடையாது, இயேசு ஒருவரே என்று போதித்து, ஏற்கெனவே ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு மறுபடியும் இயேசுவின் நாமத்தில் ஞானஸ்நானம் கொடுக்க ஆரம்பித்தார். மூப்பர்கள் டீடைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நோக்கங்கள் என்ற தலைப்பில் சுவிசேஷம் அறிவித்தல், ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், இலவசத் தையல் பயிற்சி. தேவன் யார் என்று ஒரு வரி இல்லை. "அப்பா காலத்தில் என்ன விசுவசித்தோம் என்று எல்லோருக்கும் தெரியுமே சார்" என்றார் ஒரு மூப்பர். தெரியும்தான். காகிதத்தில் இல்லையே.

"வேதம் போதும், மனிதன் எழுதிய பிரமாணம் (விசுவாச அறிக்கை) எதற்கு?" என்ற கேள்வியும் வரும். அசெம்பிளிஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே சபையாரும் 1914-ல் அமெரிக்காவில் கூடியபோது அப்படித்தான் பிரமாணம் எதுவும் வேண்டாம் என்று தொடங்கினார்கள். இரண்டே வருடத்தில், மேலே சொன்ன அதே 'இயேசு ஒருவரே' பிரச்சினை உள்ளே வெடித்தது. 1916-ல் உட்கார்ந்து அறிக்கை எழுதினார்கள். ஒத்துக்கொள்ளாத பல ஊழியர்கள் வெளியேறினார்கள். அதற்கும் ஏறக்குறைய ஆயிரத்து அறுநூறு வருடங்களுக்கு முன்னால், 325-ல் இன்றைய துருக்கியில் உள்ள நிசேயாவில் ஆயர்கள் கூடியதும், குமாரன் பிதாவுக்குச் சமமானவர் அல்ல என்ற ஆரியுஸின் போதனையை வைத்துத்தான். இரு தரப்பும் ஒரே வேதத்தைத்தான் மேற்கோள் காட்டியது. அதனால்தான் குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று வேதத்தில் இல்லாத சொல்லைப் போட்டே வரம்பு கட்ட வேண்டியிருந்தது.

அப்படியானால் என்ன எழுதுவது? தேவன் யார், இயேசு யார், அவருடைய மரணமும் உயிர்த்தெழுதலும் நமக்கு என்ன செய்தன, இரட்சிப்பு எப்படி. இதில் மழுப்பக் கூடாது. புதிதாக வார்த்தை தேட வேண்டிய அவசியமும் இல்லை. 1947 செப்டம்பர் 27-ல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றாக வந்தன. அவர்களே பழைய விசுவாச அறிக்கைகளான அப்போஸ்தலர் பிரமாணத்தையும் நிசேயா பிரமாணத்தையும்தான் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு பெந்தெகொஸ்தே சபை அப்போஸ்தலர் பிரமாணத்தைச் சேர்த்துக்கொண்டால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. "பரிசுத்த பொதுவான திருச்சபை" என்று அதில் வரும் வார்த்தைக்கு மட்டும் நான் எப்போதும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். ரோமச் சபை என்று பயப்படுகிறார்கள். எல்லா இடத்துக்கும் எல்லாக் காலத்துக்கும் உரிய சபை என்றுதான் அர்த்தம்.

அப்புறம் வேதம்: 66 புத்தகங்களா, கத்தோலிக்கர் ஏற்கும் 73-ஆ என்று எழுதுங்கள். எந்த மொழிபெயர்ப்பு என்று எழுதாதீர்கள், நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளைகள் வேறொன்றை வாசிக்கலாம். ஞானஸ்நானம் குழந்தைக்கா, விசுவாசிக்கிறவருக்கு மட்டுமா என்பது கட்டாயம் இருக்க வேண்டும். அங்கேதான் அடிக்கடி உடைகிறது.

நகை போடலாமா, வெள்ளைதான் உடுத்த வேண்டுமா, கிறிஸ்துவின் வருகை கடைசிக்கால உபத்திரவத்துக்கு முன்பா பின்பா, இதெல்லாம் வேண்டாம். போதிக்க விருப்பமிருந்தால் போதியுங்கள். ஸ்டாம்ப் பேப்பரில் ஏற்றாதீர்கள். ஒரு சபை "மருந்து உட்கொள்வது அவிசுவாசம்" என்று எழுதி வந்தது. எழுத மறுத்துவிட்டேன். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் முற்றிப்போனால் அந்த வரி எங்கே போய் நிற்கும் என்று வக்கீலுக்குத் தெரியும்.

பலரும் விட்டுவிடுகிற இன்னொன்று, அறிக்கையை மாற்றுவது எப்படி என்பது. யார் மாற்றலாம், சபையாரில் எத்தனை பேர் சம்மதம் வேண்டும், எந்த வரிகளை யாருமே தொடக்கூடாது? இதை எழுதாமல் விட்டால், பிற்பாடு டிரஸ்டிகள் கூடித் தீர்மானம் போட்டு நோக்கத்தை மாற்ற முடியாது. பொது அறக்கட்டளை வழக்குகளுக்கான சிவில் நடைமுறைச் சட்டம் 92-ம் பிரிவின் கீழ் கோர்ட் வாசலில் நிற்க வேண்டியிருக்கும். ஸ்காட்லாந்துக்காரர்களும் பட்ட பிறகுதான் படித்தார்கள். 1921-ல் வந்த சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்து சட்டத்தில், அடிப்படை விசுவாசத்தைத் தொடாமல் மற்றதைத் திருத்தச் சபைக்கே அதிகாரம் உண்டு என்று தெளிவாக இடம்பெற்றது.

அந்த ஐந்து சென்ட் பாஸ்டர் மூன்று வாரம் கழித்து வந்தார். நீளமான நோட்டுத் தாளில் ஒரே பக்கம், பச்சைத் தமிழில், கையால் எழுதியது. பதிவுக்கு முன்னால் ஆராதனையில் சத்தமாக வாசியுங்கள் என்று சொல்லியிருந்தேன்; வாசித்திருக்கிறார்கள். முடிந்ததும் முன் பாயில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "ஏன் ஐயா, செத்துப்போனா எந்திரிப்போம்ன்றது இதுல இல்லையே?" என்று கேட்டாராம். நானும் அந்தத் தாளை போனில் இரண்டு முறை படித்துச் சரி என்றுதான் சொல்லியிருந்தேன். "சரீரம் உயிர்த்தெழுதலையும் நித்திய ஜீவனையும் விசுவாசிக்கிறோம்" என்று கடைசி வரியாகச் சேர்த்து டைப்புக்குக் கொடுத்தோம்.